பழம்பொருள் கடையில் வாங்கிய இழைப்புளியின் வாயில் விரிசல். அடுத்த முறை எதைப் பார்த்து வாங்குவது?

புதுச்சீவல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மரவேலை பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. மின்சாரக் கருவி இல்லாமல் கையாலேயே செய்ய ஆசை. குழந்தை தூங்கும் நேரத்தில்தான் எனக்கு வேலை செய்ய முடியும், சத்தம் வரக் கூடாது என்பதும் ஒரு காரணம்.

போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் ஸ்டான்லி என்ற அமெரிக்கக் கம்பெனியின் 5ஆம் எண் (அளவைக் குறிக்கும் எண்) இழைப்புளி ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு வண்ணம் பளபளவென்று இருந்தது. பித்தளைத் திருகில் முகம் தெரிந்தது. பார்த்ததுமே மனசு அதில் போய்விட்டது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம். வேறு எதையும் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தகட்டைத் தீட்டி ஒரு பலகையில் ஓட்டினால், சீவல் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் காகிதம் போலவும் வந்தது. எவ்வளவு சரிசெய்தும் அடங்கவில்லை. இரண்டு வாரம் தப்பு என் கையில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றி, வண்ணத்தைச் சுரண்டிப் பார்த்தபோது, தகடு எட்டிப் பார்க்கும் பிளவான வாயின் வலது மூலையிலிருந்து பக்கச் சுவர் வரை முடி மாதிரி ஒரு விரிசல். அழுத்திப் பிடித்தால் அந்த இடம் லேசாக விரிகிறது. திரும்பக் கொண்டுபோனதற்கு, பழைய பொருள், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு வேண்டியது ஒரு இழைப்புளி, மூன்று நான்கு உளி, ஒரு கைரம்பம், செங்கோணம் பார்க்க ஒரு மூலமட்டம். காட்சிக்கு வைக்க இல்லை, வேலை செய்ய. கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் நல்லது கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனிப் பெயரையும் வருடத்தையும் பார்த்து வாங்கினால் போதுமா?

உப்புத்தாள் சொன்னது:

விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடல் போனாலும் மற்ற பாகங்கள் உங்களுக்குச் சொத்து. தகடு, அதை அழுத்திப் பிடிக்கும் மேல்மூடி, பித்தளைத் திருகு, கைப்பிடி எல்லாம் இன்னொரு 5ஆம் எண்ணுக்குப் பொருந்தும். தகடு 2 அங்குல அகலம் என்றால் 4ஆம் எண்ணுக்கும் போகும்.

ஸ்டான்லிக்காரர்கள் போட்ட திருகு மரை கடையில் கிடைக்கும் போல்ட்டுக்குப் பொருந்தாது. கைப்பிடியைப் பிடிக்கும் கம்பியில் அங்குலத்துக்கு 20 மரை, தடிமன் 12ஆம் எண். தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைத் திருகோ 9/32 அங்குலம், அதிலும் இடது மரை. இதில் ஒன்று தொலைந்தால் இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்து எடுப்பதுதான் சுலபமான வழி. நான் ஒரு டப்பாவில் இந்தத் திருகுகளை மட்டுமே சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களிடம் இப்போது ஒரு செட் முழுதாக இருக்கிறது.

கொட்டாப்புளி சொன்னது:

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் இழைப்புளி ஞாபகம் வந்தது. முப்பது வருடம் இருக்கும். அதற்கும் இதே மாதிரி புதுக் கறுப்பு வண்ணம்தான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடைக்குள் போனால் பளபளப்பானதைக் கடைசியில்தான் தொடுவேன். முதலில் குனிந்து மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டியைத்தான் பார்ப்பேன். துருவேறி, தூசி படிந்து, யாரும் துடைக்காமல் கிடப்பதில்தான் உண்மை நிலை அப்படியே தெரியும். வண்ணம் மறைக்கிற அளவுக்குத் துரு எதையும் மறைக்காது. விரிசல் இருந்தால் அந்த இடத்தில் துரு ஒரு கோடாகக் கறுத்து நிற்கும்.

பையில் ஆறு சாமான் எடுத்துப் போவேன். சின்ன டார்ச், 6 அங்குல எஃகு அளவுகோல், அகல வாய்த் திருப்புளி, ஒரு காந்தம், பழைய துணி, ஒரு துண்டு சாக்பீஸ். கழற்றிப் பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வேன். முடியாது என்றால் வைத்துவிட்டு வந்துவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

இழைப்புளியை எடுத்ததும் மேல்மூடியின் நெம்பைத் தூக்கித் தகட்டை வெளியே எடுங்கள். இப்போது வாய் தெரியும். டார்ச்சை உள்பக்கம் வைத்து அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். வாயின் இரண்டு மூலைகள்தான் முதல் இடம். வார்ப்பிரும்பு அங்கேதான் மெலிதாக இருக்கிறது, கீழே விழுந்தால் அங்கேதான் விடும். அப்புறம் பக்கச் சுவர் அடித்தகட்டோடு சேரும் வளைவு. அப்புறம் பின்கைப்பிடித் திருகு இறங்கும் இடம். பித்தளை நிறத்தில் ஒரு கோடு ஓடினால் யாரோ விரிசலைப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றவைத்தது நன்றாகவே இருக்கலாம், ஆனால் சூட்டில் அடித்தகடு முறுக்கியிருக்கும். பழகுகிறவர் அதில் கை வைக்க வேண்டாம்.

ஃபிராக் என்று சொல்லும், தகடு உட்காரும் சாய்வுத் தாங்கியையும் கழற்ற விட்டார்களானால், வெறும் உடலை ஒரு விரலில் தொங்கவிட்டு இன்னொரு கை முட்டியால் தட்டுங்கள். நல்ல வார்ப்பு மணி போல் நீட்டி ஒலிக்கும். விரிசல் விட்டது பானை தட்டியது போல் அங்கேயே நின்றுவிடும். முதல் தடவை வித்தியாசம் புரியாது. உங்கள் வீட்டில் இருக்கும் விரிசல் உடலைத் தொங்கவிட்டுத் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள், அந்தச் சத்தம் காதில் நிற்கட்டும்.

அடுத்து தகடு. மேலே நீளமாக ஒரு காடி இருக்கும். அந்தக் காடி முடியும் இடத்திலிருந்து வெட்டுமுனை வரை எவ்வளவு இரும்பு மிச்சம் என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒரு அங்குலம் இருந்தாலே வீட்டில் மரவேலை செய்கிறவருக்குப் பல வருடம் ஓடும். கால் அங்குலம்தான் என்றால் முன்னால் இருந்தவர் வாழ்நாள் முழுக்கத் தீட்டித் தீர்த்துவிட்டார் என்று அர்த்தம். அது அந்த மனிதருக்கு மரியாதை, உங்களுக்குப் புதுத் தகடு செலவு.

கைப்பிடி உடைந்திருந்தால் கவலைப்படாதீர்கள். பழைய ஸ்டான்லிகளில் கைப்பிடிக்குப் பிரேசில் ரோஸ்வுட் போட்டிருக்கிறார்கள், நம் ஈட்டி மரத்துக்குச் சொந்தக்கார மரம். 1992இல் அந்த மரத்தை, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், வணிகத்துக்காக நாடு விட்டு நாடு போகக் கூடாது என்று. அதனால் உடைந்த துண்டு பெட்டியில் கிடக்கிறதா என்று தேடி எடுங்கள். பசை போட்டு ஒட்டினால் கோடு கூடத் தெரியாது.

அடித்தகடு மட்டமா என்று அளவுகோலைக் குத்தாக நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று இடம் தொட்டால் போதும்: முன்முனை, வாய்க்கு முன்புறம், பின்முனை. நடுவில் லேசாகப் பள்ளம் இருப்பது வழக்கம், கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் சரியாகிவிடும். வாய்க்கு முன்னால் பள்ளம் என்றால் நிறையத் தேய்க்க வேண்டியிருக்கும்.

பெயரும் வருடமும் கேட்டீர்கள். லெனார்ட் பெய்லி என்பவரின் காப்புரிமைகளை ஸ்டான்லி கம்பெனி 1869இல் வாங்கியது. பித்தளைச் சக்கரத்தைத் திருகித் தகட்டை இறக்கும் இன்றைய அமைப்பு அவருடைய யோசனை. அதற்குப் பிறகு மற்ற கம்பெனிகளும் அதே வடிவத்தில் செய்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ரெக்கார்ட் என்ற பெயரில் 1931 முதல் வந்தவை அப்படிப்பட்டவைதான், வேலைக்கு அருமையானவை. ஸ்டான்லி உடலில் ஃபிராக்குக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்த்திருந்தால், அதில் கடைசித் தேதி 1910 என்றால், அது ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் செய்தது. என்னுடைய 4ஆம் எண் அந்த வகை. தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். மேல்மூடியில் இருக்கும் துளையையும் பாருங்கள். சாவித்துளை மாதிரி நேராக இருந்தால் பழையது, சிறுநீரக வடிவில் வளைந்திருந்தால் 1933க்குப் பிறகு வந்தது. மூன்று தேதி உள்ள உடலில் வளைந்த துளை மூடி இருந்தால் யாரோ பாகத்தை மாற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவருக்கு அது பெரிய குறை. உங்களுக்கு அது குறையே இல்லை, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இன்னொன்று, பித்தளைத் திருகுக்குப் பதில் இரும்போ கறுப்பு ரப்பரோ இருந்தால் போலி என்று நினைத்து வைத்துவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் 1945 வரை, பித்தளை கிடைக்காமல் அப்படிச் செய்தார்கள். அந்த வருட உடல்கள் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருக்கும். பார்க்க அழகில்லை என்று கடையில் ஓரமாகக் கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்தவை.

1ஆம் எண் இழைப்புளி என்று ஒன்றைக் காட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஐந்தரை அங்குலம்தான், சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுப்பதால் போலியும் நிறைய. ஒரு அலமாரி செய்ய அது உதவாது.

சரி, உளிக்கு வருவோம். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் நல்ல பழைய உளி இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது, ஆட்கள் தவறான பக்கத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

உளியை எடுத்ததும் எல்லோரும் சாய்ந்த பக்கத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் திருப்பி, தட்டையான முதுகைப் பாருங்கள். வெட்டுமுனையிலிருந்து ஒரு அங்குல தூரம்தான் முக்கியம். துணியில் எச்சில் தொட்டாவது துடைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் துரு அரித்த குழிகள் ஆழமாக இருந்தால் வேண்டாம். கூர் என்பது இரண்டு சமதளங்கள் சந்திக்கும் கோடு. முதுகில் குழி இருந்தால் அந்தக் கோடு ஒவ்வொரு குழியிலும் அறுந்துபோகும். எவ்வளவு தீட்டினாலும் வெட்டிய மரத்தில் கீறல் கீறலாக விழும். மேல்பக்கத்தில் குழி எத்தனை இருந்தாலும் ஒன்றும் ஆகாது. கைப்பிடியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைந்து போட்டுக்கொள்ளலாம். முனை உடைந்திருந்தாலும் சாணை பிடித்து எடுத்துவிடலாம். முதுகுக் குழிக்கு மட்டும் மருந்து இல்லை.

நீல நிறம் பார்த்தால் உஷார். யாரோ வேகச் சாணையில் அழுத்திப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். எஃகு 300 டிகிரியை ஒட்டிப் போனால்தான் அந்த நீலம் வரும், வந்துவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலம் முனையில் கொஞ்சம்தான் என்றால் அதைத் தாண்டித் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே நல்ல இரும்பு இருக்கும். நீலம் ஒரு அங்குலம் ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இங்கேதான் சாக்பீஸ். கழுத்துக்குக் கீழே துருவில் ஏதோ மேடு பள்ளமாகத் தெரிந்தால், சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, விரலால் மேலாகத் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை நின்று எழுத்து எழும்பி வரும். முதலில் ஓர் எழுத்து, அப்புறம் பக்கத்து எழுத்து, இருட்டில் முகம் தெரிவது மாதிரி. பல உளிகளில் "காஸ்ட் ஸ்டீல்" என்று இருக்கும். பெயரைப் பார்த்து வார்ப்பு என்று எண்ணிப் பயந்து வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது மூசையில், அதாவது சூடு தாங்கும் மண் குடுவையில், வைத்து உருக்கிய எஃகு, ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மேன் 1740களில் கண்டுபிடித்த முறை. நாம் உருக்கு என்று சொல்லும்போதே உருக்கியது என்ற பொருள் அதில் இருக்கிறது, அதே சங்கதிதான். அந்த முத்திரை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய உளியின் பக்கவாட்டைத் தேய்த்துப் பார்த்தால் சில சமயம் முனையருகே ஒரு மெல்லிய கோடு ஓடும். கோட்டுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் வெளுப்பு, மறுபக்கம் சற்றுக் கருமை. அது விரிசல் இல்லை. மெலிதான கடின எஃகை மெது இரும்பின் மேல் கொல்லுலையில் ஒட்டியிருக்கிறார்கள். கடினம் வெட்டுவதற்கு, மெதுமை அடி தாங்குவதற்கு. விரிசல் என்று நினைத்து வைத்துவிடாதீர்கள், தேடினாலும் கிடைக்காத பொருள் அது.

கடைசியாக ஒன்று. மரத்தால் செய்த பழைய இழைப்புளி கிடைத்தால் முன்முகத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்தவர் பெயர் ஒன்று இருக்கும், அதைச் சுற்றி வேறு பெயர்கள் குத்தியிருக்கும், வைத்திருந்தவர்கள் பெயர். என்னிடம் உள்ள வளைவு இழைப்புளி ஒன்றில் மூன்று பெயர். முதல் பெயரின் மேல் இரண்டாமவர் குத்தவில்லை, இடம்விட்டுத் தள்ளிக் குத்தியிருக்கிறார். மூன்றாமவரும் அப்படியே. கட்டை விரல் வைக்கும் இடம் மூன்று பேர் கைபட்டுப் பள்ளமாகியிருக்கிறது, என் விரலும் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அதை வைத்துவிட்டு வர எனக்கு மனசே வரவில்லை.

பல்வரிசை சொன்னது:

கொட்டாப்புளி ஐயா ரம்பத்தை எனக்கு விட்டுவைத்திருக்கிறார், நன்றி.

ரம்பத்தைக் கையில் எடுத்ததும் பல்லைப் பார்க்க வேண்டாம். பல்லை அரத்தால் புதிதாக வெட்டிவிடலாம். கைப்பிடியை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பல்வரிசை வழியாக முனை வரை ஒரு கண்ணால் பாருங்கள். நீளமாக வில் போல வளைந்திருந்தால் கையாலேயே எதிர்ப்பக்கம் வளைத்து நேராக்கிவிடலாம். ஒரே இடத்தில் மடிந்த மாதிரி முறிவு தெரிந்தால் வைத்துவிடுங்கள். முறிவைச் சுத்தியலால் எடுக்கக் கற்றவர்கள் உண்டு, எனக்கே இன்னும் முழுசாக வரவில்லை.

தகட்டைக் கொஞ்சம் வளைத்துப் பிடித்து விரலால் சுண்டுங்கள். நல்ல தகடு பாடும். அப்புறம் முனையின் அகலத்தைப் பாருங்கள். பலமுறை அரம் போட்ட ரம்பம் முனையில் குறுகி ஈட்டி மாதிரி ஆகியிருக்கும்.

கைப்பிடிக்குக் கீழே, பல்லுக்குப் பக்கத்தில் ஒரு எண் குத்தியிருக்கும். அது ஓர் அங்குலத்தில் எத்தனை கூர் என்பதைச் சொல்கிறது, எத்தனை பல் என்பதை இல்லை. அளவுகோலின் இரு முனையிலும் வரும் கூரையும் சேர்த்து எண்ணுவதால் பல் ஒன்று குறையும். 8 என்றால் 7 பல். நாரோடு நீளவாக்கில் அறுக்க 5, 6 எண்; நாருக்குக் குறுக்கே அறுக்க 8 முதல் 10 வரை. ஒரே ரம்பம் வாங்குவதானால் குறுக்கறுவை 8 வாங்குங்கள்.

கைப்பிடியில் வட்டமான பித்தளை முத்திரை இருக்கும். ஹென்றி டிஸ்டன் 1840இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய பட்டறையின் ரம்பங்கள்தான் எல்லோரும் தேடுவது. 1955இல் அந்தக் குடும்பம் கம்பெனியை விற்றுவிட்டது, அதற்கு முன்னால் வந்தவற்றைத் தேடுங்கள். "வாரண்டட் சுப்பீரியர்" என்று முத்திரை இருந்தால் அது கம்பெனிப் பெயர் இல்லை. பல பட்டறைகள் தங்கள் இரண்டாம் தர ரம்பத்தில் அதைப் போட்டன. அதனால் தள்ளிவிட வேண்டாம், தகடு நேராக இருந்தால் நன்றாக அறுக்கும், விலையும் குறைவாக இருக்கும்.

கைப்பிடி சின்னதாக இருக்கிறது, என் கைக்குப் போதாது என்று பலர் வைத்துவிடுகிறார்கள். அதைப் பிடிப்பது மூன்று விரலால். ஆள்காட்டி விரல் வெளியே, ரம்பம் போகும் திசையைக் காட்டி நீட்டியிருக்க வேண்டும். அப்படிப் பிடித்துப் பாருங்கள், தானாகக் கைக்குள் அடங்கும்.

மூலமட்டம் பற்றி இரண்டு வரி. ஒரு காகிதத்தை நேரான பலகை ஓரத்தோடு வைத்து ஒரு கோடு போடுங்கள். மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். விலகினால், உண்மையான பிழை அந்த விலகலில் பாதி.

புதுச்சீவல் சொன்னது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. விரிசல் உடலை விரலில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன், ஐயா சொன்ன மாதிரியே சத்தம் பொசுக்கென்று நின்றுவிடுகிறது. துருவேறியதை வாங்கினால் துருவை எப்படி எடுப்பது? காரில் போடும் பேட்டரி சார்ஜரை வைத்து மின்சாரத்தால் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

உப்புத்தாள் சொன்னது:

நான் அப்படித்தான் செய்கிறேன். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், சலவைச் சோடா கொஞ்சம். கருவியை எதிர்முனையில் இணைக்க வேண்டும், நேர்முனையில் ஒரு பழைய இரும்புத் துண்டு. மாற்றிக் கொடுத்துவிட்டால் கருவி கரைந்துபோகும். எவர்சில்வர் துண்டு கூடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த இடத்தில், நெருப்பு இல்லாமல் செய்யுங்கள். ஓர் இரவில் எந்தத் துருவும் கழன்றுவிடும்.

கொட்டாப்புளி சொன்னது:

நண்பர் சொன்னது சரிதான், ஆனால் முதல் கருவிக்கு வாளி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மின்சாரம் துருவோடு பழைய கறுப்புப் பூச்சையும் சேர்த்துக் கழற்றிவிடும். நூறு வருடம் தாங்கிய பூச்சு அது, நாம் திரும்பப் பூச முடியாது.

சிறு பாகங்களுக்கும் உளிக்கும் சிட்ரிக் அமிலம் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். எடுத்ததும் கழுவி, சமையல் சோடாத் தண்ணீரில் முக்கி, உடனே துடைத்து எண்ணெய் போடுங்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் கண் முன்னாலேயே புதுத்துரு மஞ்சளாகப் பூக்கும். ரம்பத் தகட்டை அமிலத்தில் போட வேண்டாம். மெல்லிய தகடு, பழைய கம்பெனிச் சித்திரம் மேலாகத்தான் பொறித்திருப்பார்கள். தட்டையான மரக்கட்டையில் நைசான உப்புத்தாள் சுற்றி, எண்ணெய் விட்டு, நீளவாக்கில் மெதுவாகத் தேய்த்தால் சித்திரம் தங்கும். கம்பித் தூரிகைச் சக்கரத்தை ரம்பத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கைப்பிடியில் பழைய வண்ணம் இருந்தால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். ஈயம் கலந்திருக்கலாம், வீட்டில் குழந்தை இருக்கிறது என்றீர்கள். ஈரம் வைத்துத் தேய்த்து, கழிவைத் துணியோடு கட்டிப் போடுங்கள். மரக் கைப்பிடியில் குண்டூசித் துளைகள் இருந்து, தட்டினால் மாவு மாதிரி கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே உயிரோடு இருக்கிறது. அதை உங்கள் மரப்பலகைகள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

புதுச்சீவல் சொன்னது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இழைப்புளி இன்னும் கிடைக்கவில்லை. நான்கு பார்த்தேன், இரண்டில் வாய் மூலையில் விரிசல், ஒன்றில் தகடு தீர்ந்துபோயிருந்தது, ஒன்றைக் கழற்ற விடவில்லை. நான்கையும் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று ஒரு கடையில் கதவுக்குப் பின்னால் தகர டப்பா ஒன்று இருந்தது, உள்ளே உடைந்த பூட்டு, கீல், ஆணி. அடியில் கைப்பிடி இல்லாத ஓர் உளி. ஒன்றே கால் அங்குல அகலம், முனையில் அரிசி அளவுக்கு ஒரு உடைசல், மேல்பக்கம் முழுக்கப் பொரிந்த துரு. திருப்பி முதுகைத் துடைத்தேன். முனையிலிருந்து ஒன்றரை அங்குலம் குழியே இல்லை. சாக்பீஸ் தேய்த்ததும் "காஸ்ட் ஸ்டீல்" எழும்பி வந்தது, செய்தவர் பெயர் பாதி அரித்துப்போயிருக்கிறது. அதற்குக் கீழே புள்ளி புள்ளியாக, ஆணியால் அடித்த மாதிரி இரண்டு எழுத்து. யாரோ வைத்திருந்தவருடையது.

வீட்டில் பக்கவாட்டைத் தேய்த்தேன். அந்தக் கோடு இருக்கிறது ஐயா. வெளுப்பும் கருமையும் பக்கத்தில் பக்கத்தில். ராத்திரி மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

உடைசல் போகும் வரை கையாலேயே கல்லில் தேய்த்தேன், சாணைக்குக் கொண்டுபோகப் பயமாக இருந்தது. இரண்டு ராத்திரி ஆனது. இப்போது நாரின் குறுக்கே சீவினால் வெட்டிய இடம் மெழுகு மாதிரி வழுக்குகிறது. கைப்பிடிக்கு என்ன மரம், எப்படிப் பொருத்துவது?

கொட்டாப்புளி சொன்னது:

தம்பி, நான்கை வைத்துவிட்டு வந்தது எனக்கு உளியைவிடச் சந்தோஷம்.

கைப்பிடியோடு சேரும் வால் கூர்மையாக இருக்கிறதா, குழாய் மாதிரி இருக்கிறதா என்று எழுதவில்லை. கூர்வால் என்றால், நன்றாகக் காய்ந்த, நார் நேராக ஓடும் கடின மரம் எதுவானாலும் சரி. வால் நான்கு பக்கமும் சரிவாகக் குறுகுவதால் ஒரே துளை போட்டால் பிளக்கும். முதலில் முழு நீளத்துக்கு வால் நுனியின் தடிமனில் ஒரு துளை, அப்புறம் மேல்பாதிக்கு மட்டும் கொஞ்சம் பெரிய துளை. வாலை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், உரசும் இடம் கறுப்பாகும், அங்கே மட்டும் சுரண்டுங்கள். உளியின் தோள் மரத்தைத் தொட அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, முனை கீழே தொங்கும்படி கைப்பிடியைப் பிடித்து, கைப்பிடியின் மேல்நுனியைக் கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், தட்டுங்கள். உளியின் கனமே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். தட்டுவதற்கு முன் முனைக்கு ஒரு தடித்த தோல் உறை போட்டு, கீழே கால் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

அந்த இரண்டு எழுத்தை மட்டும் தேய்த்துவிடாதீர்கள்.